பொங்கலன்று வெளியேறிய பாட்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் நாளிதழில், அரட்டைக் குழுக்களுக்குள் "தானாகவே நுழைந்துவிடும்" பாட்களை, அதாவது யாரோ எழுதி வைத்த நிரலின்படி ஆள் மாதிரி பேசும் கணக்குகளைப் பற்றி எச்சரித்து ஒரு குறிப்பு வந்திருந்தது. எச்சரித்தது நல்லதுதான். அந்தத் "தானாகவே" மட்டும் உறுத்துகிறது.

மறுநாள் காலையில் எங்கள் தெருவின் நலச் சங்க டெலிகிராம் குழுவில் யாரோ அந்தக் குறிப்பைப் படம்பிடித்துப் போட்டார்கள். குழுவில் ஏற்கெனவே ஒரு பாட் உட்கார்ந்திருந்தது. "இதுவும் அப்படித்தான் உள்ளே வந்திருக்கு" என்று ஒரே அமளி. நான் கட்டை விரலால் தள்ளித் தள்ளி மேலே போனேன். மார்ச் மாதத்தில் அந்த வரி கிடைத்தது: பாட்டைக் குழுவில் சேர்த்தவர் எங்கள் சங்கச் செயலாளர். எந்தெந்தக் கிழமை குடிதண்ணீர் வரும் என்று நினைவுபடுத்தட்டும் என்று சேர்த்தாராம். சேர்த்தது போதாதென்று அதற்கு நிர்வாகி உரிமையையும் கொடுத்துவிட்டு, இரண்டையும் மறந்துவிட்டார்.

டெலிகிராமில் எந்தப் பாட்டும் தானாக ஒரு குழுவுக்குள் வர முடியாது. குழுவில் இருக்கும் மனிதர் ஒருவர்தான் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும், சாதாரண உறுப்பினராக இருக்கும்வரை, சாய்கோட்டில் தொடங்கும் கட்டளைகளும் அதற்கே எழுதிய பதில்களும் அதன் காதில் விழும். நாம் பேசிக்கொள்ளும் மற்றதெல்லாம் விழாது. பாட்டை எழுதியவர் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கியிருந்தாலோ, நாமே அதை நிர்வாகி ஆக்கினாலோ எல்லாம் கேட்கும். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியிலும் அப்படித்தான். சர்வரை (அங்கே குழுவுக்கு அதுதான் பெயர்) நிர்வகிக்கும் உரிமையுள்ள ஒருவர் இணைப்பைச் சொடுக்கி அனுமதித்தால்தான் பாட் உள்ளே வரும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கூப்பிடாத இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போன ஒரு பாட்டை எழுதியவன் நான்.

2000 முதல் 2009 வரை பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக்கு எதிரே பிரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். ஐந்து கம்ப்யூட்டர், ஒரு டெலிபோன் லைன், ஒரு 56கே மோடம். மழை பெய்தால் லைன் போகும். மழை பெய்யாவிட்டாலும் போகும். வருகிற பையன்களில் பாதிப் பேர் ஐ.ஆர்.சி. அரட்டைக்குத்தான் வருவார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. பின்லாந்தில் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்க்கரினென் என்பவர் 1988 ஆகஸ்டில் எழுதியது அது. சர்வர், சர்வருக்குள் சேனல்கள் என்ற அரட்டை அறைகள், சேனல் பெயருக்கு முன்னால் #. உள்ளே போக 'ஜாயின்', வெளியே வர 'பார்ட்'. நெல்லைக்காரர்களுக்கென்று ஒரு சேனல் இருந்தது. நான் அதில் 'அண்ணாச்சி'.

கடையில் கூட்டமில்லாத மத்தியானங்களில் பெர்ல் என்ற நிரல் மொழியில் ஒரு பாட் எழுதினேன். பெயர் 'திண்ணை'. ஐ.ஆர்.சி.யின் 1993ஆம் ஆண்டு விதிப்படி பட்டப்பெயர் ஒன்பது எழுத்தைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் 'திண்ணை' ஏழு எழுத்து, சரியாகப் பொருந்தியது. (வீட்டில் "பாட்டுக்கு இன்னும் வேலை முடியல" என்று சொன்னால் அம்மா, "எந்தப் படத்துப் பாட்டு?" என்பார்.) அதற்கு இரண்டே வேலை. கேட்டால் குவைத் தினார், சவுதி ரியால் எல்லாம் அன்றைக்கு எவ்வளவு ரூபாய் என்று சொல்ல வேண்டும். அந்த விலையை நான் தினமும் காலையில் செய்தித்தாளைப் பார்த்துத் தட்டி வைப்பேன். இரண்டாவது, நான் "வா" என்றால் சொன்ன சேனலுக்குப் போக வேண்டும், "போ" என்றால் வெளியேற வேண்டும்.

உள்ளே போகச் சொல்வது ஒரே வரி என்று நினைத்தேன். ஒரே வரிதான். ஆனால் அந்த வரியை எப்போது அனுப்புவது என்பதிலேயே முதல் நாள் முழுக்கப் போனது. சர்வரில் பட்டப்பெயரையும் ஆள் விவரத்தையும் கொடுத்த கையோடு ஜாயின் அனுப்பினால், "நீ இன்னும் பதிவாகவில்லை" என்று 451 எண்ணோடு திருப்பிவிடும். 001 என்ற வரவேற்பு வரி வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். அப்புறம் சர்வர் அவ்வப்போது "பிங்" என்று கூப்பிடும், உடனே "பாங்" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஆள் இல்லை என்று இணைப்பை அறுத்துவிடும். இது எனக்குப் பிடித்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவரை அரைமணிக்கொரு தரம் "என்னங்க, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொள்வது போல.

அடுத்து அந்த 'வா', 'போ'. அப்போது தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவோம். வரியின் தொடக்கத்தில் வி, ஏ என்ற இரண்டு எழுத்து வந்தால் 'வா', மிச்சம் இருப்பது சேனல் பெயர். பி, ஓ வந்தால் 'போ'. அவ்வளவுதான் என் புத்தி. சோதனைக்காக யார் சொன்னாலும் கேட்கும்படி விட்டிருந்தேன்.

முதல் ஆள் உள்ளே வந்து "வணக்கம்" என்றார். திண்ணை, 'வ'வைக் கழித்துவிட்டு 'நக்கம்' என்ற சேனலுக்குப் போகப் பார்த்தது. அப்படி ஒரு சேனல் கிடையாது என்று சர்வர் 403 அனுப்பியது. இன்னொருவர் "வாங்க" என்றார். அதில் 'வ' போனால் மிச்சம் 'அங்க'. எங்கே என்று கேட்காதீர்கள், திண்ணை 'அங்க' போக முயன்றது. யாராவது யாரையாவது "போடா" என்றால் சம்பந்தமே இல்லாத திண்ணை கோபித்துக்கொண்டு வெளியேறிவிடும். உச்சக்கட்டம் 2002 பொங்கல். காலையில் வருகிற எல்லோரும் "பொங்கல் வாழ்த்துகள்" என்றுதானே தட்டுவார்கள். அந்தச் சொல்லும் ஆங்கிலத்தில் பி, ஓ என்றுதான் தொடங்கும். முதல் வாழ்த்துக்கே திண்ணை வெளியே. நான் கையால் உள்ளே கொண்டுவந்து விடுவேன், அடுத்தவர் வாழ்த்துவார், மறுபடி வெளியே. "அண்ணாச்சி, உங்க திண்ணைக்கு நம்ம மேல என்ன கோவம்?" என்று ஒரு பையன் கேட்டான்.

பாட்களுக்குக் கட்டளையிடும்போது முன்னால் ஆச்சரியக்குறியோ புள்ளியோ சாய்கோடோ ஏன் போடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது. மனிதர்கள் பேச்சைத் தொடங்க எதைப் பயன்படுத்த மாட்டார்களோ அதை வைத்துத்தான் பாட்டைக் கூப்பிட வேண்டும். சாயங்காலமே ஆச்சரியக்குறி சேர்த்துவிட்டேன்.

ஊருக்கெல்லாம் கீழ்ப்படிகிற பாட் ஆபத்து என்று தெரிந்ததும், 'அண்ணாச்சி' என்ற பெயரில் வரும் கட்டளையை மட்டும் கேள் என்று மாற்றினேன். இதுவும் அசட்டுத்தனம். ஐ.ஆர்.சி.யில் பட்டப்பெயர் என்பது பஸ் சீட்டில் துண்டு போட்டு வைப்பது மாதிரி. எழுந்து போனால் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அது என் சொந்த லைன் அறுந்த ஒரு ராத்திரி. அப்போது திண்ணை, வெளியூர் நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ 'அண்ணாச்சி' ஆகி, நடுவில் கமா போட்டு ஒரே வரியில் பத்துப் பன்னிரண்டு சேனல்களுக்கு அதை ஏவியிருக்கிறார்கள். ஜாயின் கட்டளை கமா போட்ட பட்டியலை அப்படியே ஏற்றுக்கொள்ளும். திண்ணையும் விசுவாசமாகப் போயிருக்கிறது. அதில் ஒரு வெளிநாட்டுச் சேனலின் ஆப்பரேட்டர், அதாவது சேனலை நிர்வகிப்பவர், எரிச்சலில் எங்கள் இணையச் சேவையின் முகவரிகள் முழுவதுக்கும் சேர்த்துத் தடை போட்டுவிட்டார். கடைக்கு வரும் இரண்டு பையன்கள் அங்கே வழக்கமாகப் பேசுகிறவர்கள். அவர்கள் என்னிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிறகு கடவுச்சொல் வைத்தேன். தனிச் செய்தியில் மட்டும் வாங்கிக்கொள்ளும். (அவசரத்தில் அந்தக் கடவுச்சொல்லை நானே ஒருநாள் பொதுச் சேனலில் தட்டினேன். அதை விடுங்கள்.) இன்றைக்கு இந்தத் தொல்லை குறைவு. பட்டப்பெயரைக் கணக்காகப் பதிவு செய்துகொள்ளலாம். புதிய சர்வர்களிடம் கேட்டுக்கொண்டால் ஒவ்வொரு செய்தியோடும் அனுப்பியவரின் கணக்குப் பெயரையும் ஒட்டியே கொடுக்கும். பாட் பெயரைப் பார்க்காமல் கணக்கைப் பார்த்தால் போதும்.

ஒரு மூன்றாமாண்டு மாணவன், கணக்கில் கெட்டிக்காரன், "இதுக்குப் பூஜ்ஜியம் கொடுத்தா என்ன பண்ணும் அண்ணாச்சி?" என்றான். என்ன பண்ணும், சேனல் இல்லை என்று சொல்லும் என்றேன். கடவுச்சொல்லை நான் அடித்துக் கொடுக்க, அவன் "வா 0" என்று தட்டினான். திண்ணை இருந்த அத்தனை சேனல்களிலிருந்தும் ஒரே நொடியில் வெளியேறிவிட்டது. எங்கேயோ பிழை என்று ராத்திரி பன்னிரண்டு மணிவரை என் நிரலைத் துழாவினேன். பிழை அதில் இல்லை. 2000 ஏப்ரலில் வந்த ஆர்.எஃப்.சி. 2812 என்ற விதித்தாளிலேயே எழுதியிருக்கிறது: ஜாயினுக்குப் பிறகு வெறும் 0 வந்தால், இருக்கும் எல்லாச் சேனல்களையும் விட்டுவிடும்படி கேட்பதாகப் பொருள். 'வா' என்ற கட்டளைக்குள்ளேயே 'எல்லாவற்றையும் விட்டுப் போ' ஒளிந்திருக்கிறது! வந்த சொல்லை அப்படியே சர்வருக்குத் தூக்கிக் கொடுத்தது என் தப்பு. # இல்லாத எதையும் அனுப்பாதே என்று ஒரு வரி அன்றைக்குத்தான் சேர்த்தேன். இன்று யாராவது ஐ.ஆர்.சி. பாட் எழுதினாலும் முதலில் இந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இதுவரை சொன்னது சிரிக்கிற கதை. அடுத்தது அப்படியில்லை.

எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர் வளைகுடா நாடுகளில் நர்ஸ் வேலையில் இருந்தார்கள். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து பேசிக்கொள்ள அவர்களுக்குள் ஒரு சிறு சேனல். எட்டு, பத்துப் பேர் இருப்பார்கள். கடைக்கு வரும் ஒரு பையனின் அக்கா அதில் உண்டு. "தினார் விலை சொல்லுமே, திண்ணையை அங்கயும் விடுங்க" என்று அவன் கேட்டான், விட்டேன். இரண்டு நாள் கழித்து அந்த அக்கா, "வேண்டாம் தம்பி, நாங்க பேசிக்கிற இடம், எடுத்துடச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினார். நானும் "போ" என்றேன், போயிற்று.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும், திண்ணை மறுபடி அந்தச் சேனலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. காரணம் அற்பமானது. லைன் அடிக்கடி அறுவதால், போன சேனல்களின் பெயரை ஒரு கோப்பில் எழுதி வைத்து, ஒவ்வொரு முறை இணையும்போதும் அந்தப் பட்டியலைப் படித்து எல்லாவற்றுக்கும் திரும்பப் போகும்படி செய்திருந்தேன். 'வா' என்றால் கோப்பில் பெயரைச் சேர்க்க எழுதினேன். 'போ' என்றால் கோப்பிலிருந்து பெயரை அடிக்க எழுதவில்லை. அதாவது திண்ணை அன்றைக்கு மட்டும்தான் போகும்.

அவர்கள் திண்ணையைச் சேனலிலிருந்து வெளியே தள்ளினார்கள். தள்ளினால் மூன்று விநாடியில் திரும்பி வரும்படி இன்னொரு வித்தையும் செய்து வைத்திருந்தேன், அதில் பெருமை வேறு. தள்ளத் தள்ள அது வந்தது. இப்படி மூன்று வாரம். எனக்குத் தெரியாது. காலையில் பட்டியல் கடகடவென்று ஓடும்போது நான் தரையைப் பெருக்கிக்கொண்டிருப்பேன். கடைசியில் அந்த அக்காவே ஊருக்கு வந்திருந்தபோது கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "அண்ணாச்சி, நாங்க பேசுறதை அது எழுதி வைக்குதா?" என்று மட்டும் கேட்டார்.

எழுதித்தான் வைத்தது. பிழை பார்க்க வசதி என்று, இருக்கும் சேனல்களில் வரும் ஒவ்வொரு வரியையும் ஹார்டு டிஸ்கில் எழுதிக்கொண்டே இருந்தது. அதில் நான் ஒரு வரிகூடப் படித்ததில்லை என்று சொன்னேன். உண்மைதான், ஆனால் அவர் ஏன் நம்ப வேண்டும்? அவர் முன்னாலேயே கோப்பை அழித்துக் காட்டினேன். ஒரு டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

"தானாகவே நுழைந்தது" என்று நீங்கள் எழுதியபோது எனக்கு இந்த முகம்தான் நினைவுக்கு வந்தது. அவரைக் கேட்டால் அவரும் "தானா வந்துச்சு" என்றுதான் சொல்லியிருப்பார். உள்ளே இருப்பவர்களுக்கு அப்படித்தான் தெரியும். வெளியே ஒருவன் ஒரு வரி எழுதாமல் விட்டிருக்கிறான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆகவே உங்கள் குறிப்பில் வாசகரைப் பயமுறுத்துவதோடு நிறுத்தாமல், யார் சேர்த்தது என்று மேலே தேடிப் பாருங்கள், அது நிர்வாகியா என்று பாருங்கள், எழுதியவர் யார் என்று கேளுங்கள் என்று மூன்று வரி சேர்த்திருக்கலாம்.

பாட் எழுதக் கற்கும் மாணவர்களும் உங்கள் பக்கத்தைப் படிக்கிறார்கள். அவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல இடம் கொடுங்கள். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு நான் திண்ணையைப் புதிதாக எழுதினேன். 'வா' என்று நான் சொன்னால் மட்டும் போதாது. அந்தச் சேனலின் ஆப்பரேட்டர் அழைப்பு அனுப்பினால்தான் போகும். ஐ.ஆர்.சி.யில் அதற்கென்றே 'இன்வைட்' இருக்கிறது. 'போ'வுக்குக் கடவுச்சொல்லும் கிடையாது, என் அனுமதியும் கிடையாது. அந்தச் சேனலின் எந்த ஆப்பரேட்டர் சொன்னாலும் போய்விடும். தள்ளினால் அதையும் 'போ' என்றே எடுத்துக்கொண்டு கோப்பிலிருந்து பெயரை அடித்துவிடும், திரும்பாது. உள்ளே விடுவதற்கு இரண்டு பேர் சம்மதம், வெளியே அனுப்புவதற்கு ஒருவர் சொல் போதும். வாடகைக்கு வீடு விடுகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை.

இன்னொன்று. ஜாயின் அனுப்பியதுமே உள்ளே போய்விட்டதாகப் பாட் நினைத்துக்கொள்ளக் கூடாது. சேனல் நிரம்பியிருந்தால் 471, அழைப்பு இல்லாவிட்டால் 473, தடை இருந்தால் 474, சாவிச்சொல் தவறென்றால் 475 வரும். அனுமதி கிடைத்தால் நம் ஜாயின் வரியையே சர்வர் நமக்குத் திருப்பி அனுப்பும். அது வந்த பிறகுதான் பட்டியலில் எழுத வேண்டும். எங்கள் முதல் திண்ணை கதவு தட்டியதையெல்லாம் விருந்து சாப்பிட்டதாக எழுதி வைத்துக்கொண்டிருந்தது. காலையில் இணைந்ததும் பட்டியலில் உள்ள அத்தனைக்கும் மூச்சுவிடாமல் ஜாயின் அனுப்பினால் வெள்ளம் என்று சொல்லி சர்வர் அறுத்துவிடும் என்பதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு விநாடிக்கு ஒன்று என்று விட்டால் தொல்லை இல்லை.

டெலிகிராமில் எழுதுகிறவர்களுக்கும் இதே பாடம்தான். பாட்டைக் குழுவிலிருந்து நீக்கினால் அதற்குத் தகவல் வரும். அதைக் காதில் வாங்காமல் தொடர்ந்து செய்தி அனுப்பினால், நீ வெளியேற்றப்பட்டுவிட்டாய் என்று பதில் வரும். அதன் எண்ணும் 403தான்! எனக்கு 'நக்கம்' நினைவுக்கு வந்தது. அந்தத் தகவல் வந்ததும் குழுவின் பெயரைத் தன் குறிப்பிலிருந்து அடித்துவிட வேண்டும். பாட் தானே விடைபெற்றுப் போகவும் வழி உண்டு. எந்தக் குழுவிலும் சேர்க்க முடியாதபடி முதலிலேயே பூட்டி வைக்கவும், டெலிகிராமில் பாட்களைப் பதிவு செய்யும் பாட்ஃபாதரில் இடமிருக்கிறது. தனியாளுக்கு மட்டும் பயன்படுகிற பாட் என்றால் அதைப் பூட்டிவிடுவதே மரியாதை.

கடையை மூடிய பிறகும் திண்ணையை விடவில்லை. 2021 மே மாதம் ஃப்ரீநோட் என்ற ஐ.ஆர்.சி. வலையமைப்பில் நிர்வாகத் தகராறு வந்து, தன்னார்வலர்கள் கூட்டமாக வெளியேறி லிபெரா சாட்டைத் தொடங்கியபோது, நானும் ஓரிடத்தில் 'போ' சொல்லி இன்னோரிடத்தில் 'வா' சொன்னேன். மாற்றியது ஒரே வரி, சர்வர் முகவரி. இப்போது அது தமிழ் எழுத்திலேயே பேசுகிறது. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஐ.ஆர்.சி.யில் ஒரு வரி மொத்தம் 512 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழில் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறியீடு, ஒவ்வொன்றும் மூன்று பைட். "வணக்கம்" என்ற சொல்லே 21 பைட் தின்றுவிடும். திண்ணை வெளியேறும்போது சொல்ல ஒரு நீளமான நன்றியுரை எழுதி வைத்தேன். கடைசிச் சொல்லின் பாதியில் வெட்டுப்பட்டு ஒரு கட்டம் மட்டும் தொங்கியது. இப்போது "போயிட்டு வாரேன்" என்று மட்டும் சொல்லும்.

எங்கள் சங்கச் செயலாளர் விஷயம்: பாட்டின் நிர்வாகி உரிமையைப் புதன்கிழமை எடுத்துவிட்டோம். தண்ணீர்க் கிழமையை அது இன்னும் தப்பாகத்தான் சொல்கிறது. அது பாட்டின் குற்றமில்லை.

இடம் போதாமல் இந்தக் கடிதத்தை வெட்ட நேர்ந்தால் பொங்கல் கதையை வெட்டிக்கொள்ளுங்கள். நர்ஸ் அக்கா கேட்ட கேள்வியை மட்டும் விட்டுவிட வேண்டாம். என் பெயரைப் போடவும் வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் பிரௌசிங் சென்டர்க்காரன்,
பாளையங்கோட்டை.